மலக்குகளின் கேள்வியும் ஒரு டிஸ்கோப் பாட்டும்

கூல் அன்ட் த கேங் என்ற அமெரிக்க இசைக் குழுவினர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செலிப்ரேஷன்' என்ற பாட்டைப் பெயரளவில் அறியாதவர்களுக்கும் அதன் மெட்டு பழக்கமாயிருக்கும். ஹோட்டல் கலியாணங்கள், பிறந்தநாள் விழாக்கள், கிரிக்கெட் மைதானத்து இடைவேளைகள் என்று எங்காவது ஓரிடத்தில் அது காதில் விழுந்திருக்கும். கொண்டாட்டம் என்பதே தலைப்பு. அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் சொல்லப்படுவதுமில்லை. அந்தப் பாட்டின் வித்து தனக்கு அல்குர்ஆனிலிருந்து கிடைத்தது என்று அதை ஆக்கியவர்களுள் முதன்மையானவரான ரொனால்ட் பெல் கூறியிருக்கிறார். ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் படைத்த வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்த வேளையில், மலக்குகள் இறைவனைப் புகழ்ந்து மகிழும் காட்சி அவர் மனதில் விரிந்ததாம். அதிலிருந்தே பாட்டின் அடிப்படை பிறந்தது என்பது அவரது வாக்குமூலம். ரொனால்ட் பெல் இஸ்லாத்தைத் தழுவி காலிஸ் பையான் என்று பெயர் வைத்துக்கொண்டவர். குழுவின் தலைவரான அவரது தமையன் ரொபர்ட் 'கூல்' பெல்லும் முஸ்லிமே. முஹம்மத் பையான் என்பது அவரது பெயர். தம்பி 2020 செப்டெம்பரில் காலமானார்.

இந்தத் தகவலை எமது இலக்கிய நண்பர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு சாரார் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அப்படியென்றால் அது இஸ்லாமியப் பாட்டுத்தானே என்று மகிழ்ந்தார்கள். மற்றொரு சாரார் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்கள். இறைவேதத்தைக் கொண்டுபோய் டிஸ்கோ ஆட்டத்தில் சேர்ப்பதா என்று முகம் சுளித்தார்கள். இரு சாராருள் ஒருவராவது அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது.

யோசித்துப் பார்த்தால் இதில் விசித்திரம் எதுவுமில்லை. எமது விமர்சனத்தின் வழக்கமே இதுதான். கவிதை நூலொன்று கைக்கு வந்தால் கவிஞர் என்ன சொல்கிறார் என்று தேடுகிறோம். சொன்னது நல்ல கருத்தாயிருந்தால் நல்ல கவிதை. கூடாத கருத்தாயிருந்தால் கூடாத கவிதை. ஓசை, நடை, மூச்சு என்பவற்றைப் பற்றி அணிந்துரையின் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருக்கும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க், டிஸ்கோ இசைகளுக்குள் போனால் முதல் படியிலேயே தடுக்கி விழ வேண்டியதுதான் என்பதைக் காட்டவே இக்கட்டுரை. இசை ஆகுமா ஆகாதா என்ற மார்க்கப் பிரச்சினைக்குள் நான் நுழையவில்லை. அதற்குரியவர்கள் ஆலிம்கள். இப்னு ஹஸ்மின் காலம் முதல் இன்றுவரை அவர்களுக்குள்ளேயே அதில் கருத்து வேறுபாடு உண்டு. கேட்பவன் என்ற முறையிலும், கவிதை படிப்பவன் என்ற முறையிலுமே நான் பேசுகிறேன்.

சோல் என்ற சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். அந்த இசையின் தாய்வீடு கறுப்பின மக்களின் தேவாலயம். அங்கே போதகர் ஒரு வசனத்தைச் சொல்வார். சபை அதற்கு மறுமொழி கொடுக்கும். அவர் குரலை உயர்த்துவார், சபையும் உயரும். ஒரு கட்டத்தில் சொற்கள் தேய்ந்து, விசும்பலும் கூவலும் பெருமூச்சுமே எஞ்சும். இந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக் காதல் பாட்டுக்குப் பொருத்தியவர்களுள் ரே சார்ள்ஸ் முக்கியமானவர். 1954இல் அவர் ஒலிப்பதிவு செய்த 'ஐ கொட் எ வுமன்' ஒரு பக்திப் பாட்டின் மெட்டைத் தழுவியது. கடவுள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துவிட்டார் என்று தேவாலயத்தார் கொதித்தெழுந்தார்கள். சாம் குக் 1957இல் பக்திப் பாடற் குழுவொன்றிலிருந்து விலகிச் சினிமாப் பாட்டுப் போன்ற மென்மையான பாட்டுகளுக்குப் போனபோதும் அதே கொதிப்புத்தான். ஆக, ஹலால் ஹறாம் சச்சரவு எமது ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவ மக்களிடத்திலும் அது வீடுகளைப் பிரித்திருக்கிறது.

அல் கிறீன் என்ற பாடகர் இதற்கு நல்ல உதாரணம். 1970களின் முற்பகுதியில் அவரைப் போல மென்மையாகக் காதல் பாடியவர்கள் குறைவு. 1976இல் மெம்பிஸ் நகரில் தேவாலயமொன்றை வாங்கிப் போதகரானார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட 'பெல்' என்ற பாட்டில் காதலியிடம் இறைவனைப் பற்றிப் பேசுகிறார். குரல் பழைய குரல்தான். இழைவும் குழைவும் பழையவைதான். யாரிடம் குழைகிறார் என்பதுதான் பாட்டின் நடுவே மாறிக்கொண்டிருக்கிறது. எமது சூபிக் கவிஞர்களின் காதலி-இறைவன் மயக்கத்தைச் சுவைத்தவர்களுக்கு இந்தப் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஃபங்க் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜேம்ஸ் பிரவுன் 1960களின் நடுப்பகுதியில் தாளத்தின் முதல் அடியில் முழுப் பாரத்தையும் இறக்கினார். கிற்றாரும் ஊதுகருவிகளும் மேளம் போல நடந்துகொள்ளத் தொடங்கின. மெட்டு பின்னுக்குப் போய்த் தாளம் முன்னுக்கு வந்தது. கூல் அன்ட் த கேங் குழுவினர் 1970களில் வளர்ந்தது இந்த மண்ணில்தான்.

டிஸ்கோவின் தாளம் பிறந்த இடம் பிலடெல்பியா. அங்கே கென்னி கெம்பிள், லியோன் ஹஃப் என்ற இருவர் 1971இல் 'பிலடெல்பியா இன்டர்நெஷனல்' என்ற இசைத்தட்டுக் கம்பனியை ஆரம்பித்தார்கள். சிக்மா சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நிரந்தர வாத்தியக் குழு அவர்களுக்காக வாசித்தது. அதன் மேளக்காரர் ஏர்ள் யங். 1973இல் வெளியான 'த லவ் ஐ லொஸ்ட்' என்ற பாட்டில் அவர் ஒரு வேலை செய்தார். கால் மேளத்தை ஒவ்வோர் அடியிலும் சமமாக விழச் செய்தார். இரண்டு அடிகளுக்கிடையே கைத்தாளம் போன்ற இரட்டைத் தட்டைத் திறந்து மூடினார். 'டும்' என்று விழுவதற்கும் மறு 'டும்'முக்கும் இடையில் 'த்ஸ்' என்று ஒரு மூச்சு. அவ்வளவுதான். அந்த மூச்சின் மேல்தான் அடுத்த ஆறேழு வருடம் உலகமே ஆடியது. பாட்டோ இழந்த காதலைப் பற்றிய துயரப் பாட்டு. முதலில் ஒப்பாரி போல மெதுவாகத்தான் அதை யோசித்தார்களாம். துயரமான சொற்களுக்குக் கீழே துள்ளும் தாளம். இதைக் கேட்டுப் பழகியவர் டிஸ்கோ என்றால் வெறும் கும்மாளம் என்று சொல்லமாட்டார்.

கென்னி கெம்பிளைப் பற்றி எமது சஞ்சிகைகளில் யாரும் எழுதியதாக நான் காணவில்லை. அவர் 1970களில் இஸ்லாத்தைத் தழுவினார். லுக்மான் அப்துல் ஹக் என்பது அவரது பெயர். பணம் சேர்ந்த பின்னர் மற்றவர்களைப் போல நகரத்தை விட்டு ஓடாமல் தான் பிறந்து வளர்ந்த தென் பிலடெல்பியாவுக்கே திரும்பி வந்து குடியிருந்தார். பாழடைந்த வீடுகளைத் திருத்தினார். 1993இல் நிறுவனமொன்றை அமைத்துப் பாடசாலைகளும் நடத்தினார். தனது கம்பனியின் இசைத்தட்டு உறைகளில் செய்தி இசைக்குள்ளேயே இருக்கிறது என்ற கருத்தைத் தாரக மந்திரமாக அச்சிட்டு வந்தவர். இவ்வாறானதொரு மனிதரின் கையால் வெளிவந்த பாட்டுகளில் மூன்றை எடுத்துப் பார்க்கலாம். மூன்றும் மூன்று விதமான சங்கடங்களை எமக்குத் தருகின்றன.

முதலாவது, 1975இல் ஹெரோல்ட் மெல்வின் அன்ட் த புளூ நோட்ஸ் பாடிய 'வேக் அப் எவ்ரிபடி'. கம்பனியின் எழுத்தாளர்களான மெக்ஃபேடன், வைட்ஹெட், கார்ஸ்டார்ஃபன் ஆகிய மூவர் எழுதியது. கெம்பிளும் ஹஃபும் தயாரித்தது. உறங்குபவர்களை எழுப்பும் பாட்டு இது. ஆசிரியர்களைத் தனியாக விளித்துக் கற்பிக்கும் முறையை மாற்றச் சொல்கிறது. பிறகு வைத்தியர்களிடம் போகிறது. வீடு கட்டுபவர்களிடம் போகிறது. ஆசிரியர்களை எழுப்பும் பாட்டு என்பதால் ஓர் ஆசிரியனாகிய எனக்கு இது பிடித்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். ஆசிரிய கலாசாலை விடுதியில் ஒருவரிடம் இருந்த ஒலிநாடாவில்தான் இதை முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு அப்போது இருந்த ஆங்கில அறிவுக்கு ஓடும் சொற்களைப் பிடிக்க முடியாது. பாட்டு முழுவதும் எனக்குக் குரலாகவும் தாளமாகவுமே வந்து சேர்ந்தது. சொற்களை எழுத்தில் பார்த்தது பல வருடங்களின் பின்னர். அப்போது பாட்டின் மதிப்பு எனக்குள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏற்கனவே எழுந்துவிட்ட ஒருவனிடம் வந்து எழும்பு என்று சொன்னது போலத்தான் இருந்தது.

பாடுபவர் டெடி பென்டர்கிராஸ். பத்து வயதிலேயே போதகராக அபிஷேகம் செய்யப்பட்டவர். பிறகு அந்தக் குழுவில் மேளம் அடிக்க வந்தவர். பிரசங்கமும் மேளமும் தெரிந்த ஒருவர் பாடினால் எப்படி இருக்கும் என்பதை இந்தப் பாட்டு காட்டுகிறது. ஆரம்பத்தில் பேசுவது போலத் தாழ்ந்த குரல். அவசரமே இல்லை. ஒவ்வொரு கண்ணியாகப் போகப் போக வயலின்கள் பின்னால் வந்து நிற்கின்றன. நீண்ட பதிப்பு ஏழு நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. எழுதிக் கொடுத்த வரிகள் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு கூட்டுக்குரல்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, பென்டர்கிராஸ் அவற்றின் மேல் ஏறி நின்று கெஞ்சுகிறார், அதட்டுகிறார், குரல் கரகரத்து உடைகிறது. செய்தி பட்டியலாக வந்த முதற்பாதியை விட, செய்தி தீர்ந்துபோன பிற்பாதியில்தான் பாட்டு எம்மை எழுப்புகிறது. றமழான் மாதத்து ஸஹர் நேரத்தில் றபான் தட்டிக்கொண்டு தெருவால் போகும் பக்கீர் பாவா என்ன பைத்தைப் பாடுகிறார் என்று நித்திரையில் கிடப்பவனுக்கு விளங்குவதில்லை. அவன் எழும்புவது றபான் சத்தத்துக்கு.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் இசை கேட்டல் பற்றி எழுதிய பகுதியில் ஒட்டகங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒட்டகம் ஓட்டுபவனின் பாட்டைக் கேட்டுப் பாரச் சுமையையும் நீண்ட தூரத்தையும் மறந்து அவை நடக்கின்றன. நல்ல குரலுடைய அடிமை ஒருவனின் பாட்டுக்கு மூன்று நாள் பயணத்தை ஒரே இரவில் முடித்து, சுமை இறக்கியதும் ஒட்டகங்கள் செத்து விழுந்த கதையும் அங்கே வருகிறது. ஒட்டகத்துக்கு அரபு தெரியாது. ஒலிக்கு உயிரின் மேல் உள்ள ஆதிக்கத்தைச் சொல்லும்போது கருத்தை முற்றாக விலக்கிவிட்டு அந்த மேதை பேசுவதை எமது விமர்சகர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒட்டகங்கள் செத்துப்போகின்றன.

இரண்டாவது பாட்டு, ஓ'ஜேஸ் குழுவினரின் 'ஃபோர் த லவ் ஒஃப் மணி'. 1973இல் வெளிவந்த 'ஷிப் அஹோய்' என்ற இசைத்தட்டில் உள்ளது. அடிமைக் கப்பலைப் பற்றிய நீண்ட பாட்டொன்றைத் தலைப்பாகக் கொண்ட இசைத்தட்டு அது. கடலின் இரைச்சலும் சவுக்கின் ஒலியும் அதில் கேட்கும். அதே தட்டில் பணத்தாசையைக் கண்டிக்கும் இந்தப் பாட்டு வருவது தற்செயலாக இருக்க முடியாது. மனிதனை விற்ற சந்தையும் பணம்தானே. தலைப்பு பைபிளிலிருந்து வந்தது. பாட்டை எழுதியவர்களாகக் கெம்பிள், ஹஃப் ஆகியோருடன் என்தனி ஜெக்சன் என்ற பேஸ் கிற்றார் கலைஞரின் பெயரும் இருக்கிறது. அது நியாயமானதே. பாட்டு தொடங்குவதே அவரது தனி வாசிப்பில். எதிரொலியும் சுழற்சியும் சேர்க்கப்பட்ட அந்தத் தடித்த ஒலி, எண்ணெய் பூசிய பாம்பு போல நெளிந்து வருகிறது. ஆசை எப்படி ஊர்ந்து வரும் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அது காட்டிவிடுகிறது.

இந்தப் பாட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். 2004இல் அமெரிக்காவில் 'த அப்ரென்டிஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமானது. கோடீஸ்வரரான டொனல்ட் டிரம்ப் உத்தியோகம் தேடி வந்தவர்களைப் போட்டிக்கு விட்டு ஒவ்வொருவராக விலக்கும் தொடர். அதன் முகப்பு இசையாக இந்தப் பாட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. பணத்தைக் கண்டித்த பிரசங்கம் பணத்தின் வரவேற்புப் பாட்டாயிற்று. கருத்து நன்றாயிருந்தால் போதும் என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்? அந்தப் பாம்பின் நெளிவு, கண்டிக்கும் பொருளையே கவர்ச்சியாகவும் காட்டிவிட்டது என்பது என் எண்ணம். நரகத்தை வருணிக்கும் கவிஞனுக்கும் இந்த ஆபத்து உண்டு. பாட்டின் குறை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தயாரித்தவர்கள் எதிர்பார்த்ததை விட அந்தப் பேஸ் ஒலிக்கு வலிமை கூடிவிட்டது.

மூன்றாவது பாட்டுத்தான் மிகவும் சங்கடமானது. 1978இல் டெடி பென்டர்கிராஸ் தனியாகப் பாடிய 'குளோஸ் த டோர்'. படுக்கையறைக் கதவைச் சாத்தச் சொல்லும் பாட்டு. எழுதியவர்கள் கெம்பிளும் ஹஃபும். மூன்று வருடங்களுக்கு முன் மக்களை எழுப்பிய அதே குரல், அதே தாழ்ந்த தொடக்கம், அதே கரகரப்பு, அதே கெஞ்சல். லுக்மான் அப்துல் ஹக் இதை எப்படி எழுதினார் என்று கேட்பது நியாயம். அவர் வியாபாரியும் கூட என்பதை மறைத்துவிட்டு அவரை நாம் மேடையேற்றக் கூடாது. ஆங்கில இசையில் முஸ்லிம்களின் பங்களிப்பு என்று பட்டியல் போட்டு, பிடிக்காத பாட்டுகளைக் கழித்துவிட்டுப் பெருமைப்படும் கட்டுரைகள் எனக்கு உவப்பானவையல்ல. கதவைச் சாத்தும் பாட்டையும் எழுப்பும் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குரலில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். உருக்கம் என்பது தனியாக நின்று எதற்கும் சாட்சி சொல்லாது போலும். பிரசங்கியின் இலக்கணத்தைக் காதலன் எடுத்துக்கொண்டதிலிருந்து இந்த இசையின் உள்ளே இருக்கும் பிணக்கு இது. ரே சார்ள்ஸைக் கண்டித்த தேவாலயத்தார் சொன்னதில் ஏதோ உண்மை இருந்தது என்று இந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்குத் தோன்றும். தோன்றினாலும் கேட்கிறேன்.

இந்தப் பிணக்கைத் தீர்க்க இசையையே விட்டு விலகியவர்களும் இருக்கிறார்கள். ஜோ டெக்ஸ் என்ற சோல் பாடகர் 1972இல் பாட்டை நிறுத்தி யூசுப் ஹஸீஸ் என்ற பெயரில் பிரசாரகரானார். அவர் சேர்ந்தது நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தில். அதன் அகீதாவுடன் எமக்கு உடன்பாடில்லை என்பது வேறு விடயம். 1975இல் அதன் தலைவர் எலைஜா முஹம்மத் மறைந்த பின்னர் பாட்டுக்குத் திரும்பினார். 1977இல் பெரும் வரவேற்புப் பெற்ற அவரது பாட்டு பிரசாரமாகவும் இல்லை, பக்தியாகவும் இல்லை. பருத்த பெண்ணொருத்தியுடன் டிஸ்கோ ஆடி இடுப்பு நொந்துபோனவனின் பகிடிப் பாட்டு அது. எனக்கு அது பிடிக்கும்.

மென்மையான ரொக் இசையில் எம்மவர் நன்கறிந்த பெயர் யூசுப் இஸ்லாம். கெட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் கிற்றாரும் தணிந்த குரலுமாகப் பாடிப் புகழின் உச்சியில் இருந்தவர், 1977இல் இஸ்லாத்தை ஏற்று, சில காலத்திலேயே பாட்டை விட்டார். 1979இல் தனது கிற்றார்களை ஏலத்தில் விட்டுத் தர்மம் செய்தார். பின்னாளில் குரலும் பறையும் மட்டும் கொண்டு பாடினார். 2006இல் 'அன் அதர் கப்' என்ற இசைத்தட்டோடு கிற்றாரும் திரும்பி வந்தது. தான் ஏன் இன்னும் கிற்றார் ஏந்துகிறேன் என்று விளக்கி 2014இல் நூலொன்றும் எழுதினார். எங்கள் மேடைகளில் அவர் விட்டதைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம். திரும்பி வந்ததைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை வாசிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு குரல் தடித்திருக்கிறது, அவசரம் போய்விட்டது. விட்டிருந்த கால் நூற்றாண்டும் அந்தக் குரலுக்குள் கேட்கிறது.

காலிஸ் பையான் விட்டும் போகவில்லை, நூல் எழுதி விளக்கவும் இல்லை. ஆட்டப் பாட்டுக்குள் இருந்துகொண்டே நன்றி சொல்லப் பார்த்தார். 'செலிப்ரேஷன்' வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், பேஸ்போல் ஆட்டங்கள் இரண்டுக்கு இடையில், கூட்டத்தினர் கொண்டுவந்த டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். சனம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. இசை பிடிக்காததால் மட்டுமா அவ்வளவு வெறி? அந்த இசையை ஆக்கியவர்களிலும் அதற்கு ஆடியவர்களிலும் கறுப்பின மக்களும் ஒதுக்கப்பட்டவர்களும் அதிகம் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். டிஸ்கோ என்ற பெயரைச் சொல்லவே கம்பனிகள் தயங்கிய அடுத்த வருடத்தில் காலிஸ் பையானும் நண்பர்களும் கொண்டாட வாருங்கள் என்று அழைத்தார்கள். பிரேசில் நாட்டவரான தியோதாத்தோ தயாரிப்பில் கைகொடுத்தார். 1981 பெப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிப் பாதுகாக்கத் தெரிவு செய்த ஒலிப்பதிவுகளுள்ளும் அது சேர்ந்தது.

இதில் வரலாற்றின் விளையாட்டு ஒன்றுமுண்டு. 1981 ஜனவரியில் ஈரானில் 444 நாட்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்த 52 அமெரிக்கர்கள் விடுதலையாகி நாடு திரும்பியபோது நடந்த கொண்டாட்டங்களில் ஒலித்த பாட்டுகளுள் இதுவும் ஒன்று. முஸ்லிம் நாடொன்றின் மேல் அமெரிக்கா கொதித்திருந்த வேளையில், முஸ்லிம் ஒருவர் குர்ஆனை வாசித்து ஆக்கிய பாட்டுக்கு அவர்கள் ஆடினார்கள். பெரும்பாலானோருக்கு அது தெரிந்திருக்காது.

பாட்டாக 'செலிப்ரேஷன்' எப்படி? கேட்டால் மறுக்க முடியாது. கிற்றாரின் இறுக்கமான கொத்தலும், ஊதுகருவிகள் குத்திட்டு எழும் இடங்களும், எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய எளிய மெட்டும் நல்ல தச்சனின் வேலை. சின்னப் பிள்ளையும் கிழவரும் ஒரே நேரத்தில் கை தட்டலாம். அதுவே பாட்டின் குறையும் கூட. ஆதமின் படைப்பு குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. அவற்றுள் எமக்கெல்லாம் பழக்கமானது அல்பகறா 30 முதல் 34 வரையான வசனங்கள். அங்கே மலக்குகள் முதலில் செய்வது ஒரு கேள்வி கேட்பது. குழப்பம் செய்து இரத்தம் சிந்தக்கூடிய ஒன்றுக்கா பூமியில் இடம் என்று வியக்கிறார்கள். அவர்கள் அறியாததைத் தான் அறிவதாக இறைவன் சொல்கிறான். ஆதமுக்குப் பெயர்கள் கற்பிக்கப்படுகின்றன. அதன் பின்னரே சிரம் பணிதல். 1990க்குப் பிறகு இந்த வசனங்களை ஓதும்போது அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகச் சிரமப்பட்டவர்கள் எமது வாசகர்களிடையே பலர் இருப்பார்கள்.

'செலிப்ரேஷன்' அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டது. புகழை மட்டும் எடுத்துக்கொண்டது. தேவாலயத்துச் சோல் பாட்டுகளில் மகிழ்ச்சி வருவதற்கு முன் அழுகை ஒன்று கேட்கும். இங்கே அழுத தடமே இல்லை. குர்ஆனிலிருந்து பிறந்தது என்று மகிழ்ந்த நண்பருக்கும், குர்ஆனை அவமதித்தது என்று சுளித்த நண்பருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தப் பாட்டில் அவமதிப்பு எதுவுமில்லை. உண்மையான நன்றியுணர்வு இருக்கிறது. ஆனால் பாதி வசனம்தான் இருக்கிறது.

மற்றப் பாதி எங்கே என்று கேட்டால், அதே மனிதர் ஆறு வருடங்களுக்கு முன் வாசித்ததில் இருக்கிறது என்பேன். 1974இல் வெளியான 'லைட் ஒஃப் வேர்ல்ட்ஸ்' என்ற இசைத்தட்டில் 'சமர் மெட்னஸ்' என்று ஓர் உருப்படி உண்டு. சொற்களே இல்லை. ஆகவே நல்ல கருத்தா கூடாத கருத்தா என்று கேட்க வழியில்லை. மின்பியானோ மதிய வெயிலில் உருகும் தார் போல மெதுவாக நகர்கிறது. பேஸ் கிற்றார் அவசரமில்லாமல் கீழே நடக்கிறது. அதற்கு மேலே காலிஸ் பையானின் சின்தசைசரிலிருந்து ஒற்றை ஒலி கிளம்பி, படிகள் இல்லாமல் ஒரே இழுப்பாக மேலே, இன்னும் மேலே, காது வலிக்கும் எல்லை வரைக்கும் ஏறிப் போகிறது. கேள்வி கேட்கும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரல் ஏறுவது போல. அது இறங்கி வருவதைக் கேட்க நாம் காத்திருப்போம். அந்த ஒலி இறங்காது. உச்சியில் நின்று மறைந்துவிடும். கீழே பியானோ எதுவும் நடக்காதது போல முன்னைய நடையிலேயே போய்க்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து கிற்றார் தயங்கித் தயங்கி உள்ளே வரும்.